ஸ்ட்ரோக் வந்த அப்பா மருத்துவமனையில் தூங்குவதே இல்லை, என்ன செய்யலாம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 67 வயது. ஸ்ட்ரோக் வந்து எட்டு நாள் ஆகிறது. வலது கையிலும் காலிலும் பலவீனம், பேச்சு சரியாக வரவில்லை. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரவு முழுக்கப் புரண்டுகொண்டே இருக்கிறார். பகலில் பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்தில் கண் சொக்குகிறது, "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். தூக்க மாத்திரை கேட்கலாமா, பகலில் தூங்கவிடாமல் எழுப்பி உட்கார வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல ஆண்டுகள் பக்கவாத வார்டில் இரவுப் பணி பார்த்த நர்ஸ். மாத்திரையை முதலில் கேட்காதீர்கள். பகல் தூக்கத்தையும் ஒரேயடியாகத் தடுக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரவு எப்படிப் போகிறது என்று பாருங்கள். எத்தனை மணிக்கு, யார், எதற்காக எழுப்பினார்கள், அதன் பிறகு எவ்வளவு நேரம் விழித்திருந்தார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கம் ஏன் வரவில்லை என்பதற்குப் பாதி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். மீதிப் பாதி பெரும்பாலும் குறட்டையில் இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தூங்காவிட்டால் சோர்வுதானே, அதற்கு மேல் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஸ்ட்ரோக் வந்தவருக்கு அதற்கு மேலும் இருக்கிறது. ரத்தம் கிடைக்காமல் இறந்துபோன மூளைப் பகுதி திரும்ப வராது. அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் மூளையின் மறுபாதியும் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கின்றன. பிசியோதெரபி என்பது அந்தக் கல்விக்கான பயிற்சி. பகலில் செய்த பயிற்சி மூளையில் நன்றாகப் பதிவது தூக்கத்தில். கேத்தரின் சியெங்சுகன், லாரா பாய்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008-ஐ ஒட்டி இதைச் சோதித்தார்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களைத் திரையில் நகரும் ஒரு குறியை ஜாய்ஸ்டிக்கால் தொடரப் பழக்கினார்கள். மாலையில் பழகிவிட்டுத் தூங்கியவர்கள் மறுநாள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். காலையில் பழகி, தூங்காமல் மாலையில் திரும்பச் செய்தவர்களிடம் அந்த முன்னேற்றம் வரவில்லை. அதே வயதில் ஸ்ட்ரோக் இல்லாதவர்களுக்குத் தூக்கத்தால் அந்தக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நன்றாகத் தூங்கினால் கை தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தூக்கமில்லாத இரவு பிபியை ஏற்றும், சுகரைக் கலைக்கும், வலியைக் கூட்டிக் காட்டும், வயதானவரைக் குழப்பத்தில் தள்ளும். மறுநாள் பயிற்சிக்கு வேண்டிய கவனத்தையும் தின்றுவிடும். உங்கள் அப்பாவின் "ஒத்துழைப்பு இல்லை" என்பது முந்தைய இரவின் கணக்காகவே இருக்கலாம். பிசியோதெரபிஸ்டிடம் இதை நேராகச் சொல்லுங்கள். "ராத்திரி இரண்டு மணி நேரம்தான் தூங்கினார்" என்ற ஒரு வரி, அவர் எழுதும் குறிப்பையே மாற்றும்.

முதல் நாளின் கதை வேறு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருந்தால் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை எழுப்பி, பெயர் கேட்டு, கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மூளையில் ரத்தம் கசிகிறதா, மறுபடி அடைப்பா என்று அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த இரவில் தூக்கம் போகத்தான் செய்யும், அதில் பேச இடமில்லை. எட்டாம் நாள், நிலை சீராக இருக்கும் ஒருவரை இரவு 2 மணிக்கு எழுப்பிப் பிபி பார்ப்பது மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

அதற்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. தூக்கம் வேறு, நினைவு மங்குவது வேறு. தூங்குபவரைத் தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் விழிப்பார், உங்களைப் பார்ப்பார், வழக்கம்போல் பதில் காட்டுவார். நினைவு மங்குபவர் கண்ணைத் திறந்தாலும் உடனே திரும்ப மூழ்குவார், நேற்று செய்ததை இன்று செய்ய மாட்டார். எழுப்ப எழுப்ப எழாமல் இருப்பது, புதிதாகக் கையோ காலோ இன்னும் தளர்வது, முகம் ஒரு பக்கம் கூடுதலாகக் கோணுவது, திடீர்த் தலைவலி, வாந்தி, வலிப்பு, மூச்சு ஒழுங்கு மாறுவது, இவற்றில் எது வந்தாலும் "தூங்கட்டும், தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, தலாமஸ் என்ற பகுதியில் ஸ்ட்ரோக் வந்தால் பல நாள், சில சமயம் பல வாரம், நாள் முழுக்கத் தூங்கி வழிவார்கள். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பாதைகள் அந்த வழியாகப் போகின்றன. அது சோம்பல் இல்லை. ஸ்கேனில் எந்த இடம் பாதித்தது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பதிலை வைத்துப் பல விஷயம் விளங்கும்.

சரி, குறட்டைக்கு வருவோம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் 70 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுக்குழல் வாசல் மூடிக்கொள்கிறது. 10 விநாடி, 20 விநாடி, சிலருக்கு இன்னும் அதிக நேரம் காற்றே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறிப்போய் உடம்பை எழுப்பும், ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்ப வரும், பிபி ஒரு குதி குதிக்கும். மணிக்கு 5 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் நோய், 30-க்கு மேல் என்றால் கடுமையானது. இது நடப்பதே அவருக்குத் தெரியாது. "தூக்கம் வரவில்லை" என்று மட்டும்தான் தெரியும். பகலில் கண் சொக்குவதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

பருமனானவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். ஸ்ட்ரோக் வார்டில் ஒல்லியானவர்களிடமும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரோக்குக்கு முன்பே இருந்திருக்கலாம், ஸ்ட்ரோக்கால் தொண்டைத் தசை தளர்ந்து புதிதாகவும் வரலாம். அதனால் அன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். அப்பா ஆழ்ந்து தூங்கும்போது, மூச்சு நிற்பதும் திரும்ப வருவதும் கேட்கும்படி இரண்டு மூன்று நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். காலையில் டாக்டரிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள். வாயால் எவ்வளவு விளக்கினாலும் அந்தப் பதிவுக்கு ஈடாகாது. படுக்கையிலேயே விரலிலும் மூக்கிலும் கருவி மாட்டி ஒரு ராத்திரியில் பார்க்கும் சோதனை உண்டு. இங்கேயே செய்ய முடியுமா, டிஸ்சார்ஜுக்குப் பிறகா என்று கேளுங்கள்.

சோதனை வரும்வரை மல்லாந்து படுக்கவிடாமல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மல்லாந்தால் நாக்கு பின்னால் விழுவது அதிகம். தலைப்பக்கத்தை 30 டிகிரி அளவுக்கு உயர்த்தலாமா என்று கேளுங்கள். படுக்கையைத் தட்டையாக வைத்தால் மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் போகும் என்ற நம்பிக்கை இருந்தது. 2017-ல் வெளிவந்த, 11,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஹெட்போஸ்ட் ஆய்வில், முதல் நாளில் தட்டையாகப் படுத்தவர்களுக்கும் தலையை உயர்த்திப் படுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கும் சிலருக்குத் தட்டையாகத்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். அந்தக் கட்டளை இருந்தால் நீங்களாக மாற்றாதீர்கள்.

ஆக்சிஜன் வைத்தால் தூக்கம் வருமா என்றும் பலர் கேட்கிறார்கள். பிரிட்டனில் 8,003 பேரிடம் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் சரியாக இருப்பவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஆக்சிஜன் கொடுத்ததில் பலன் இல்லை, இரவில் மட்டும் கொடுத்தபோதும் இல்லை. மூக்கில் குழாய் உறுத்துவதுதான் மிச்சம். அளவு குறைந்தால் தேவை, குறையாவிட்டால் வேண்டாம்.

மூச்சுத்தடை உறுதியானால் சிபாப் என்ற காற்று முகமூடியைச் சொல்வார்கள். முகத்தில் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் காற்று கசியும், குழப்பத்தில் இருப்பவர் பிடுங்கி எறிவார், முதல் சில இரவு போராட்டமாகவே இருக்கும். அதனால் பகலில், அவர் விழித்திருக்கும்போது, பத்து நிமிடம் மாட்டிப் பழக்குவது நல்லது. சேவ் என்ற பெரிய ஆய்வு 2016-ல் வந்தது. ஏற்கெனவே இதய நோயோ ஸ்ட்ரோக்கோ வந்தவர்களுக்கு சிபாப் கொடுத்ததால் அடுத்த மாரடைப்போ ஸ்ட்ரோக்கோ குறையவில்லை. ஆனால் அதில் மக்கள் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டினார்கள், அப்படியும் பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அப்பாவுக்கு இப்போது வேண்டியதும் அதுதானே.

இனி வார்டு. உலக சுகாதார அமைப்பு 1999-லேயே நோயாளி அறையில் இரவுச் சத்தம் சராசரி 30 டெசிபல், அதிகபட்சம் 40 என்று பரிந்துரைத்தது. 30 என்பது கிசுகிசுப்பு. வார்டில் ஒரு கட்டிலின் கம்பியை இறக்கினாலே அதைத் தாண்டிவிடும். சத்தத்தைவிடவும் நான் அதிகம் கவலைப்படுவது தொட்டு எழுப்புவதைப் பற்றி. 12 மணிக்கு மருந்து, 1 மணிக்கு டிரிப்ஸ் அலாரம், 2 மணிக்குப் பிபி, 3 மணிக்குத் திருப்பிப் படுக்க வைப்பது, 4 மணிக்கு ரத்தம் எடுப்பது. தூக்கம் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். மணிக்கு ஒருமுறை எழுப்பினால் ஒரு சுற்றுகூட முழுமையாக முடியாது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியில் வருவது. அதனால் முழு இரவும் கிடைக்காவிட்டாலும் 10 மணியிலிருந்து 2 மணிவரையாவது ஒரு துண்டு இடைவிடாமல் கிடைத்தால் அது பெரிய லாபம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரவு நர்ஸிடம் "எழுப்பாதீங்க" என்று சண்டை போட்டுப் பயனில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பிபி என்று கட்டளை எழுதியிருந்தால் அதை விடுவதற்கு எங்களுக்கு அனுமதி கிடையாது. அந்தக் கட்டளையை மாற்றக்கூடியவர் டாக்டர். ஐசியூவில் எழுதிய கட்டளை, வார்டுக்கு வந்து ஒரு வாரம் ஆன பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காலை ரவுண்ட்ஸில் உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: "பிபி நாலு நாளாகச் சீராக இருக்கிறது, நள்ளிரவுப் பரிசோதனையை விட்டு இரவு 10-க்கும் காலை 6-க்கும் பார்த்தால் போதுமா?"

மருந்திலும் இப்படி ஒன்று உண்டு. "நாளுக்கு மூன்று வேளை" என்பதும் "8 மணி நேரத்துக்கு ஒருமுறை" என்பதும் கேட்க ஒன்றுபோல இருக்கும். முதலாவது விழித்திருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும், இரண்டாவது நடு இரவில் வந்து நிற்கும். சில மருந்துகளுக்கு மணிக்கணக்கு அவசியம், பலவற்றுக்கு இல்லை. காலை, இரவு என்று நேரத்தைத் தள்ளி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் எடுப்பதை 4 மணியிலிருந்து 6 மணிக்குத் தள்ள முடியுமா என்றும் கேட்கலாம். வாயால் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் இரவில் டிரிப்ஸ் தேவையா என்பதும் நியாயமான கேள்வி. முழங்கை மடிப்பில் ஊசி போட்டிருந்தால் கையை மடக்கும்போதெல்லாம் பம்ப் கத்தும். இடத்தை மாற்றினாலே ராத்திரி அமைதியாகிவிடும்.

நர்ஸிடம் கேட்க வேண்டியது வேறு. "பிபி, மருந்து, டயப்பர், திருப்பிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடிக்க முடியுமா சிஸ்டர்? நான் கூட நின்று உதவுகிறேன்." இப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, எங்களுக்கும் நடை மிச்சம். மேல்விளக்கைப் போடாமல் கட்டில் விளக்கிலோ டார்ச்சிலோ வேலையை முடிக்கச் சொல்லலாம். சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர்களுக்குக் கணினியிலேயே ஒரு நினைவூட்டலை வைத்து, நர்ஸ்களுக்கும் பயிற்சி கொடுத்து, இதே வேலையைச் செய்தார்கள். இரவில் அறைக்குள் போய் எழுப்புவது நன்றாகக் குறைந்தது. அதற்குப் புது இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒன்றை மட்டும் விடச் சொல்லாதீர்கள். தானாகப் புரள முடியாதவரைத் திருப்பிப் படுக்க வைத்தே ஆக வேண்டும். ஒரே இடத்தில் சில மணி நேரம் அழுத்தம் விழுந்தாலே படுக்கைப்புண் ஆரம்பித்துவிடும். அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை இருந்தால் இடைவெளியைக் கூட்டலாமா என்று கேளுங்கள், முடிவை நர்ஸிடம் விடுங்கள். அலாரத்தை நீங்களே அணைக்கவும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் நழுவுவதால்தான் பாதி அலாரம் அடிக்கும். நழுவினால் கூப்பிட்டுச் சரியாக மாட்டச் சொல்லுங்கள்.

காதடைப்பானும் கண் மறைப்பும் மலிவான, நல்ல பொருட்கள். ஐசியூவில் காதடைப்பான் வைத்துத் தூங்கியவர்களுக்குக் குழப்பம் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் ஸ்ட்ரோக் வந்தவருக்குக் கொடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். முகம் தளர்ந்த பக்கத்துக் கண் முழுதாக மூடுகிறதா? மூடாவிட்டால் துணி கருவிழியில் உரசிப் புண்ணாகிவிடும். அப்படிப்பட்டவருக்கு இரவில் கண்ணுக்கு மருந்துக் களிம்பு தேவைப்படலாம். அப்புறம், அவற்றை அவரே கழற்ற முடிகிறதா? கழற்றவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் இருட்டில் கிடந்தால் பயம்தான் மிஞ்சும். அப்படியென்றால் விளக்கைக் குறைத்துத் திரையை இழுத்துவிட்டாலே போதும்.

அப்பாவால் பேச முடியவில்லை என்கிறீர்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். பேச்சு இல்லாதவர் இரவில் புரள்வது பெரும்பாலும் ஏதோ ஒன்றைச் சொல்வதுதான். சிறுநீர் முட்டும், மலச்சிக்கல் வயிற்றைப் பிடிக்கும், தோள் வலிக்கும், தாகமாக இருக்கும். படுக்கப் போகும் முன் கழிப்பறைக்கோ பாத்திரத்துக்கோ கட்டாயம் ஒருமுறை வாய்ப்புக் கொடுங்கள். தண்ணீரைக் காலையிலும் மதியத்திலும் நிறையக் கொடுத்து, மாலையில் குறையுங்கள். மொத்த அளவைக் குறைக்காதீர்கள், உடம்பு வறண்டால் வேறு பிரச்சினை வரும். நீர் பிரியும் மாத்திரை இருந்தால் காலையில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீர்ப்பையில் மிச்சம் தங்குகிறதா, தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் கழிப்பறை, வலி, தண்ணீர், குளிர், பயம் என்று ஐந்து படம் வரைந்து இடது கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அழைப்பு மணியும் அந்த இடது கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். வலது பக்கம் தொங்கவிட்ட மணி அவருக்கு இல்லாத மணிதான்.

தளர்ந்த பக்கத்துத் தோள் பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது வலது கையை முன்னால் ஒரு தலையணையில் முழுதாகத் தாங்க வையுங்கள், மணிக்கட்டு தொங்கக் கூடாது. வலது பக்கம் படுக்கும்போது தோள் உடம்புக்கடியில் மாட்டிக்கொள்ளாமல் சற்று முன்னால் வந்திருக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. மேலே ஏற்றிப் படுக்க வைக்க அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. சரியான முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, அந்த நிலையைப் படம் எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். இரவு ஆட்கள் மாறினாலும் நிலை மாறாது.

இரவைச் சரிசெய்யும் வேலை உண்மையில் காலையில் ஆரம்பிக்கிறது. உடம்பின் கடிகாரம் கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்கிறது. லக்ஸ் என்ற வெளிச்ச அளவில் சொன்னால், வார்டின் வெளிச்சம் பகலிலும் சில நூறு லக்ஸ்தான். வெளியில் மேகமூட்டமான நாளில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். பகல் முழுக்க மங்கல், இரவு முழுக்க மங்கல் என்றால் மூளைக்கு எது பகல், எது இரவு என்று தெரியாது. டென்மார்க்கில் ஒரு ஸ்ட்ரோக் மறுவாழ்வுப் பிரிவில், நாளின் போக்குக்கேற்ப மாறும் விளக்குகளைப் பொருத்திப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு அசதி குறைந்தது. உங்களுக்கு அந்த விளக்கு வேண்டாம், ஜன்னல் போதும். காலை உணவை நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தபடி கொடுங்கள். அனுமதி இருந்தால் சக்கர நாற்காலியில் வெளியே அரை மணி. மூக்குக் கண்ணாடியும் காது கருவியும் பகலில் மாட்டியிருக்கட்டும். கடிகாரமும் தேதியும் கண்ணில் படட்டும்.

பகல் தூக்கத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அசதி கடுமையாக இருக்கும், அது மன உறுதியால் வெல்லக்கூடிய அசதி இல்லை. காயப்பட்ட மூளைக்கு ஓய்வு தேவை. எழுப்பி எழுப்பி உட்கார வைத்தால் சீக்கிரம் தேறுவார் என்ற நம்பிக்கையை 2015-ல் வந்த அவெர்ட் ஆய்வு அசைத்துப் பார்த்தது. 2,104 பேரில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அடிக்கடி நடக்கவும் நிற்கவும் வைத்தவர்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். அதற்காகப் படுத்தே கிடக்கட்டும் என்று அர்த்தமில்லை. எட்டாம் நாளில் பயிற்சி கட்டாயம் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வேண்டும், நடுவில் ஓய்வும் வேண்டும். மதியம் 3 மணிக்கு முன் அரை மணி, முக்கால் மணி என்று ஒன்றிரண்டு தூக்கத்தை அனுமதியுங்கள். நாள் முழுக்கக் கோழித்தூக்கம் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். எந்த நேரத்தில் அவர் தெளிவாக இருக்கிறார் என்று பார்த்து, பயிற்சியை அந்த நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், பார்க்க வருபவர்கள். அன்பாகத்தான் வருகிறார்கள், ஆனால் மாலையில் ஆறு பேர் சூழ்ந்து நின்று பேசினால் அவருக்கு அது மலையேற்றம். ஒருவர், இருவர், பத்து நிமிடம். இதைச் சொல்லும் கெட்ட பெயரை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது மாத்திரை. டயாசெபாம், லோராசெபாம், அல்பிரசோலாம், குளோனாசெபாம் போன்ற தூக்க மாத்திரை வகையை ஸ்ட்ரோக் வந்த முதல் வாரங்களில் டாக்டர்கள் முடிந்தவரை தவிர்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. தொண்டையை இன்னும் தளர்த்தும், மூச்சுத்தடை கூடும். விழுங்குவது சரியில்லாதவருக்கு எச்சில் நுரையீரலுக்குள் போகும் அபாயம் கூடும். இரவில் எழுந்து விழுவார். வயதானவருக்குக் குழப்பம் வரும். மூளை திரும்பக் கற்றுக்கொள்வதைத் தடுக்கும் என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் நினைவு மங்கினால் அது மாத்திரையா, புது ஸ்ட்ரோக்கா என்று எங்களுக்கே தெரியாமல் போகும். தூக்கம் வரவைக்கும் பழைய சளி, அலர்ஜி மாத்திரைகளை "சாதாரணம்தானே" என்று வெளியிலிருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். அவையும் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் தரும். ஆனால் அப்பா வீட்டில் வருடக்கணக்காகத் தூக்க மாத்திரை சாப்பிட்டுவந்தவர் என்றால் அதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று நின்றுபோனால் தூக்கமின்மை மட்டுமல்ல, வலிப்புகூட வரலாம்.

மாத்திரை கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்தால் மெலடோனின் போன்ற பாதுகாப்பானதிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதன் பலன் மிதமானது, கெடுதல் குறைவு. ஏற்கெனவே கொடுக்கும் மருந்துகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான புளுவாக்சடின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், அதைக் காலையில் கொடுப்பது வழக்கம். பிபிக்கான பீட்டா பிளாக்கர் சிலவும் இரவில் உடம்பு சுரக்கும் மெலடோனினைக் குறைக்கும். நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றலாமா என்று கேட்கச் சொல்கிறேன்.

யாரும் கேட்காத ஒன்றையும் கேளுங்கள்: அவருக்கு ஸ்ட்ரோக் எப்போது வந்தது? ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தூங்கி எழும்போதுதான் கை வரவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். அப்படி வந்தவர்களுக்குக் கண்ணை மூடவே பயம். மூடினால் மறுபடி என்ன போகுமோ என்று விழித்தே கிடப்பார்கள், சொல்லவும் மாட்டார்கள். உங்கள் அப்பாவால் சொல்லவே முடியாது. படுக்கும் முன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கேதான் இருக்கிறேன், ராத்திரி நர்ஸ் வந்து பார்ப்பார்கள், தூங்குங்கள்" என்று மெதுவாக, சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். வார்த்தை முழுதாகப் புரியாவிட்டாலும் குரல் புரியும். அதிகாலையிலேயே விழித்து, சாப்பாட்டில் நாட்டமில்லாமல், அழுதுகொண்டே இருந்தால் மனச்சோர்வா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, மருந்துக்குக் கேட்கும்.

நீங்களும் எட்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். முறை வைத்து ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒரு ராத்திரிக் கணக்கு எடுத்த பிறகு தினமும் விழித்திருக்கத் தேவையில்லை.

டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டை வாங்கும்போது, தூக்கச் சோதனைக்கு எந்தத் தேதி, யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வார்டில் தொடங்கிய தூக்க மாத்திரை ஏதாவது சீட்டில் இருந்தால் அது எத்தனை நாளுக்கு, எப்போது நிறுத்துவது என்றும் கேளுங்கள். மருத்துவமனையில் மூன்று நாளைக்கென்று எழுதியது வீட்டில் மூன்று வருடம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.